வரிசையில் நிற்காதவர்கள்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் என் தாயாரைச் சிங்கப்பூரில் இருக்கும் அக்கா வீட்டுக்கு அழைத்துச் சென்றேன். மதுரையிலிருந்து நேராகப் போகும் விமானத்தில் இடம் கிடைக்காததால், வேறொரு பெரிய நகரத்துக்குப் போய் அங்கிருந்து ஏறினோம். அம்மாவுக்கு எழுபத்தொரு வயது. இரண்டு முழங்கால்களிலும் மாற்று மூட்டு வைத்திருக்கிறார். பாதுகாப்புச் சோதனையில் ஆண்களுக்கு நான்கு வரிசைகள், பெண்களுக்கு ஒன்று. நான் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். அம்மா முக்கால் மணி நேரம் நின்றார். கருவி ஒலித்ததும் திரைக்குள் புடவையை முழங்கால் வரை தூக்கித் தழும்பைக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். கைப்பையில் இருந்த மாவடு பாட்டிலையும் பிடுங்கித் தொட்டியில் போட்டார்கள். ஆத்திரம் தாங்காமல் ‘எங்க அம்மாவைப் பாத்தா தீவிரவாதி மாதிரியா இருக்கு?’ என்று கத்தினேன். அவர்களுக்குத் தமிழும் புரியவில்லை. நம்மிடம் வாங்கும் பாதுகாப்புக் கட்டணம் எங்கே போகிறது? இது பாதுகாப்பா, வியாபாரமா? அமெரிக்காவில் இருப்பதுபோல, கூடுதலாகக் காசு கட்டிப் பின்னணியைச் சரிபார்த்துக்கொண்டவர்களைத் தனி வழியில் விரைவாக அனுப்பும் ஏற்பாட்டை இங்கேயும் ஏன் கொண்டுவரக் கூடாது? புகார் கொடுத்தால் பயன் உண்டா?

கே.,
திருநகர், மதுரை

*

அன்புள்ள கே.,

உங்கள் கடிதம் வந்தபோது என் மேசைமேல் 1984 ஆகஸ்ட் மாதத்து நாளிதழ் நறுக்குகள் கிடந்தன. சென்னை மீனம்பாக்கம் விமான நிலையக் குண்டுவெடிப்பைப் பற்றி எழுதவேண்டும் என்று நெடுநாளாக எண்ணிக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். மாவடுவுக்காக மட்டும் என்றால் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

முதலில் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அந்தத் திரை மறைப்பை நான் வெளியிலிருந்து பார்த்திருக்கிறேன். இரண்டு ஆள் நிற்கும் இடம், ஏறி நிற்க ஒரு சிறு மரமேடை, கையில் கருவியோடு ஒரு பெண் காவலர். திரை சரியாக மூடாது. உள்ளே போனவர் ஒரு கையால் திரையையும் மறு கையால் புடவையையும் பிடித்துக்கொண்டு நிற்பார். எழுபது வயதுக்கு மேல், நேற்றுவரை பெற்ற மகனிடம்கூடக் காட்டாத தழும்பை முன்பின் தெரியாத ஒருவருக்குக் குனிந்து காட்டுவது என்ன வகையான கூச்சம் என்பது உங்களுக்கும் எனக்கும் முழுதாகப் புரியாது. அதை ஊருக்குத் திரும்பி வந்தும் உங்களிடம் சொன்னார் என்றால், சொல்லாமல் விட்டது இன்னும் எவ்வளவோ இருக்கும்.

ஆனால் மாவடுவை எதற்குக் கைப்பையில் வைத்தீர்கள்? 2006 ஆகஸ்டில் லண்டனிலிருந்து அட்லாண்டிக்கைக் கடக்கும் விமானங்களைத் திரவ வெடிபொருளால் தகர்க்கும் சதி அகப்பட்டதிலிருந்து, வெளிநாட்டு விமானத்தில் நூறு மில்லிக்கு மேற்பட்ட திரவம் எதுவும் கைப்பையில் போகாது என்பது விதி. ஊறுகாய்த் தண்ணீரும் அதற்குள் அடக்கம். நன்றாகக் கட்டிப் பெரிய பெட்டியில் போட்டிருந்தால் உங்கள் அக்கா இன்று அதைத் தொட்டுக்கொண்டு தயிர்சாதம் சாப்பிட்டிருப்பார். இதில் அரசாங்கத்தின் மேல் குற்றமில்லை, உங்கள் சோம்பல்தான்.

மொழிப் பிரச்சினையையும் இங்கே விரிக்கப் போவதில்லை. 2020 ஆகஸ்டில் சென்னை விமான நிலையத்தில் இந்தி தெரியாது என்று சொன்ன நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழியிடம் ஒரு காவலர் ‘நீங்கள் இந்தியரா?’ என்று கேட்டதற்குப் பிறகு, உள்ளூர் மொழி தெரிந்தவர்களைப் பணியில் நிறுத்துவதாக மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை சொன்னது. சொன்னது நடக்கவேண்டும், அவ்வளவுதான்.

நீங்கள் கத்திய அந்த ஒரு வாக்கியத்துக்கு வருகிறேன். ‘எங்க அம்மாவைப் பாத்தா தீவிரவாதி மாதிரியா இருக்கு?’ பிறகு யாரைப் பார்த்தால் இருக்கும், கே.? தாடி வைத்தவரையா, தொப்பி போட்டவரையா, கறுத்து ஒல்லியாக இருக்கும் இருபது வயதுப் பையனையா? இதே மதுரையில், பேச்சில் யாழ்ப்பாணத்துச் சாயல் இருந்தாலே விடுதியில் அறை கொடுக்க யோசித்த காலம் ஒன்று இருந்தது. உங்கள் அம்மாவைச் சோதித்தது அநியாயம் இல்லை. எல்லாரையும் ஒரே மாதிரி சோதிப்பதில் மட்டும்தான் இந்த ஏற்பாட்டுக்குக் கொஞ்சமாவது மரியாதை இருக்கிறது. முக்கால் மணி நேரம் நிறுத்திவைத்ததுதான் அநியாயம். அந்த அநியாயத்தைச் செய்தவர் திரைக்குள் நின்ற அந்தப் பெண் இல்லை. ராஜஸ்தானிலோ ஒடிசாவிலோ ஒரு கிராமத்திலிருந்து வந்து, ஒரு பணிநேரம் முழுக்க நின்றபடியே நூற்றுக்கணக்கான உடம்புகளைத் தடவிப் பார்க்கும் அவரிடம் நீங்கள் கத்தியதற்காக உங்களைக் கண்டிக்கிறேன். அவர் ஆயிரம் பேரை வீணாக நிறுத்தினால் அவரை யாரும் கேட்கப்போவதில்லை. ஒருவரைத் தவறாக விட்டுவிட்டால் வேலை போகும். அந்த இடத்தில் நீங்கள் நின்றாலும் மாவடுவைத் தொட்டியில்தான் போடுவீர்கள்.

கட்டணக் கணக்கு ஒன்றும் ரகசியமில்லை. 1999 டிசம்பரில் காட்மாண்டுவிலிருந்து வந்த ஐசி-814 விமானம் காந்தகாருக்குக் கடத்தப்பட்ட பிறகு, 2000 பிப்ரவரியில் ஜெய்ப்பூரில் தொடங்கி விமான நிலையங்களின் காவல் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையின் கைக்கு மாறியது. அந்தப் படையின் செலவைப் பயணிதான் கொடுக்கிறார். முன்பு பயணச்சீட்டோடு 130 ரூபாய் பிடித்தார்கள். 2019 ஜூலையில் அது விமானப் பாதுகாப்புக் கட்டணம் என்ற பெயரில் 150 ஆனது, 2020 செப்டம்பரில் 160, 2021 ஏப்ரலில் 200. வெளிநாட்டுக்குப் பறக்கும் பயணிக்கு அதே ஏப்ரலில் 12 டாலர். மதுரையிலிருந்து ஒரு மணி நேரத்தில் கொழும்பில் இறங்குகிறவருக்கும் டில்லியிலிருந்து நியூயார்க் போகிறவருக்கும் அதே 12 டாலர்தான். கொரோனாவில் பயணிகள் குறைந்த ஆண்டுகளில்தான் கட்டணம் அதிகமாக ஏறியது என்பதைக் கவனியுங்கள். செலவு அப்படியே நிற்க, தலைகள் குறைந்தால் ஒவ்வொரு தலைக்கும் விழும் பங்கு கூடும். இதில் கொள்ளை என்று எதையும் நான் பார்க்கவில்லை. சோதனை தாண்டி உள்ளே இருக்கும் கடைகளின் விலை வேறு கதை. 2016ஆம் ஆண்டின் விமானக் கொள்கைப்படி, அந்த வருமானத்தில் நூற்றுக்கு முப்பது பங்கைத்தான் பயணிக் கட்டணத்தைக் குறைக்கக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். மீதி நிலையத்தை நடத்துகிறவருக்கு. ஆகவே வியாபாரமும் உண்டுதான். ஆனால் உங்கள் கோபம் போகவேண்டிய இடம் அது இல்லை.

இந்தக் கணக்கில் எந்தப் பத்தியிலும் எழுதப்படாத ஒரு செலவு இருக்கிறது. அது உங்கள் அம்மாவின் முக்கால் மணி நேரம். காவலரின் சம்பளம், ஊடுகதிர் (எக்ஸ்ரே) கருவியின் விலை, மின்சாரம் எல்லாவற்றுக்கும் யாரோ ஒருவர் ரசீது வைத்திருக்கிறார். நின்றவரின் நேரத்துக்கும் வெட்கத்துக்கும் முழங்கால் வலிக்கும் ரசீது கிடையாது. அதனால், நிர்வாகத்துக்கு இரண்டாவது பெண் காவலரை நிறுத்துவது செலவு, நிறுத்தாமல் விடுவது சிக்கனம்.

முழங்கால் விஷயத்தையே பாருங்கள். கோபால்ட்-குரோமியக் கலவையில் செய்த மூட்டு உலோகங்காட்டியில் ஒலிக்கத்தான் செய்யும். மருத்துவர் கடிதத்தைக் காட்டினாலும் கையால் சோதிப்பார்கள். ஆடைக்கு அடியில், தோலுக்கு மேல் இருப்பதை மட்டும் பார்க்கும் மில்லிமீட்டர் அலைக் கருவி இருந்திருந்தால் உங்கள் அம்மா புடவையைத் தொட்டிருக்கவே வேண்டாம். விமானப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகம் 2019 ஏப்ரலில் 84 விமான நிலையங்களுக்கு இந்த முழுவுடல் சோதனைக் கருவியை 2020 மார்ச்சுக்குள் நிறுவச் சொன்னது. கெடு தள்ளிப்போனது, மறுபடியும் தள்ளிப்போனது. கருவிக்கு விலை உண்டு, கூச்சத்துக்கு இல்லை.

இனி மீனம்பாக்கம். என் தாய்மாமா ஒருவர் கீழமாசி வீதியிலிருந்து கொழும்புக்குச் சாரமும் சேலையும் கொண்டுபோய் விற்றுவந்தவர். இப்படிப் போய்வருகிறவரைக் குருவி என்பார்கள். 1984 ஆகஸ்ட் 2 இரவு அவர் வீட்டில்தான் இருந்தார். ஆனால் செய்தி வந்த மறுநாள் காலை எங்கள் தெருவே அவரைத் தேடி வந்து பார்த்துவிட்டுப் போனது. அன்று ஒருவர் கொழும்பு விமானத்துக்குச் சீட்டு வாங்கி, இரண்டு பெட்டிகளைக் கொடுத்துவிட்டு, விமானத்தில் ஏறாமல் மறைந்துபோனார். ஏறாதவரின் பெட்டிகள் விமானத்தில் ஏற்றப்படாமல் நின்றுபோயின. அதாவது சோதனை வேலை செய்தது. பெட்டிகளில் குண்டு இருப்பதாகத் தொலைபேசி எச்சரிக்கையும் வந்தது. அது நிஜமா, புரளியா, பெட்டியை யார் எடுப்பது என்று அதிகாரிகள் ஒரு முடிவுக்கு வருவதற்குள் நிலையத்துக்குள்ளேயே வெடித்தது. இறந்தவர்கள் முப்பது பேருக்கு மேல். பெரும்பாலோர் இலங்கைக்குப் போகக் காத்திருந்தவர்கள்.

பதினோரு மாதம் கழித்து, 1985 ஜூன் 23 அன்று, ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அயர்லாந்துக்கு அருகே கடல்மேல் வெடித்துச் சிதறி 329 பேர் இறந்தார்கள். வான்கூவரில் ஒருவர் பெட்டியைக் கொடுத்துவிட்டு விமானத்தில் ஏறாமல் போனதும், டொரண்டோவில் ஊடுகதிர்க் கருவி பாதியில் பழுதானதும் பின்னால் தெரியவந்தன. மீனம்பாக்கத்தில் நின்றுபோன மாதிரியான பெட்டி அங்கே ஏறிவிட்டது. அந்தத் தகர்ப்புக்குப் பிறகுதான் நம் பாதுகாப்புப் பணியகம் 1987 ஏப்ரலில் தனித் துறையானது.

நம் ஊர் விமான நிலையத்தில், இப்போதைய முனையக் கட்டடம் வருவதற்கு முன்னால், மாமாவோடு சென்னைக்குப் போனபோது வெயிலில் ஓடுதளத்து ஓரமாகப் பெட்டிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். ஒவ்வொருவரும் போய்த் தம் பெட்டியைத் தொட்டுக் காட்டவேண்டும். காட்டியதும் ஒரு தொழிலாளி அதன்மேல் சாக்கட்டியால் ஒரு கோடு இழுப்பார். கோடு விழாத பெட்டி தரையிலேயே நிற்கும். எல்லாரும் முனகினார்கள், என் மாமாவைத் தவிர. அவர் தன் பெட்டியைக் காட்டிவிட்டு, கோடு விழாத பெட்டி ஏதாவது மிச்சம் நிற்கிறதா என்று கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சாக்கட்டியின் விலை என்ன இருக்கும்? உயிரைக் காப்பாற்றும் வேலைகளில் பல இப்படித்தான் இருக்கின்றன, பயணியின் கண்ணிலேயே படாமல். இப்போது பட்டைக்குறி (பார்கோடு) அதைச் செய்கிறது. 2001க்குப் பிறகு விமானி அறைக் கதவைக் குண்டு துளைக்காதபடி மாற்றினார்கள். நீங்கள் அதற்காக ஒரு நிமிடம்கூட நின்றதில்லை. நாம் நிற்கும் வரிசையின் தரமோ, அமெரிக்காவிலேயே 2015இல் வெளிவந்தது. அவர்கள் அரசே மாறுவேடத்தில் ஆட்களை அனுப்பிச் சோதித்ததில் எழுபது முறையில் அறுபத்தேழு முறை ஆயுதமோ போலி வெடிபொருளோ தப்பிப் போனது. வரிசையே வேண்டாம் என்று இதற்குப் பொருளாகாது. நீளமான வரிசை நல்ல வரிசை என்று யாரும் நம்மிடம் சொல்ல முடியாது என்பதுதான்.

இப்போது உங்கள் தனி வழி யோசனைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்குச் சினமூட்டிய இடம் இதுதான், ஆகவே பொறுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் அந்த ஏற்பாடு 2011இல் வந்தது. பணம் கட்டிப் பின்னணியைக் காட்டியவர் காலணியைக் கழற்றவேண்டாம், மடிக்கணினியை வெளியே எடுக்கவேண்டாம். மற்றவர்கள் கழற்றவேண்டியிருந்தது. 2001 டிசம்பரில் ஒருவன் காலணிக்குள் வெடிபொருள் வைத்து வந்ததற்காக 2006இல் எல்லாருக்குமாகக் கொண்டுவந்த விதி அது. அதை நீக்கியதோ 2025 ஜூலையில். இடைப்பட்ட காலத்தில் காலணியோடு நடந்தவர்கள் யார் என்று பாருங்கள். வாரந்தோறும் பறக்கும் நிறுவன அதிகாரிகள், வழக்கறிஞர்கள், செய்தித்தாளில் எழுதுகிறவர்கள். சத்தம் போட்டால் காதில் விழக்கூடிய குரல் உடையவர்கள் மொத்தமாக வரிசையைவிட்டு வெளியேறினார்கள். மிச்சம் நின்றவர் வருடத்துக்கு ஒருமுறை பேத்தியைப் பார்க்கப் போகும் பாட்டி. அவர் கழற்றிக்கொண்டே இருந்தார். இன்னொன்றும் சொல்கிறேன். அந்த நாட்டில் பயணிகளிடம் வாங்கும் பாதுகாப்புக் கட்டணத்தை 2014 ஜூலையில் ஒரு வழிக்கு 5.60 டாலராக உயர்த்தியபோது, அதில் ஒரு பகுதியை அரசின் பற்றாக்குறையை அடைக்க எடுத்துக்கொண்டார்கள். வரிசையை விட்டுப் போனவர்கள் அதைக் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் அவர்களுக்கு இல்லை.

இதற்கு அமெரிக்கா வரை போகவேண்டியதுகூட இல்லை. மீனாட்சியம்மன் கோயிலில் சிறப்பு தரிசனச் சீட்டு வாங்கியவர் உள்ளே போய் வெளியே வந்து பிரகாரத்தில் உட்கார்ந்துவிடுகிறார். கட்டணமில்லா வரிசையில் குழந்தையை இடுப்பில் வைத்திருப்பவருக்கு ஒரு மின்விசிறி உண்டா என்று அவர் யோசிப்பாரா? நீங்களும் நானும் அந்தச் சீட்டை வாங்கியவர்கள்தான். ‘பின்னணியைச் சரிபார்த்துக்கொண்டவர்களை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தத் தனி வழியில் ஒரு மாதம் போய்வந்தால் உங்கள் அம்மாவின் வயதில் பெண்கள் வரிசையில் நிற்பவர் யாரும் உங்கள் கண்ணில் படமாட்டார்.

நம் நாட்டில் இன்னொரு வசதியும் உண்டு. சோதனையே இல்லாமல் போகக்கூடியவர்கள் பட்டியல் ஒன்று இருக்கிறது. குடியரசுத் தலைவர், பிரதமர், ஆளுநர்கள், முதலமைச்சர்கள், மத்திய கேபினட் அமைச்சர்கள், தலைமை நீதிபதி என்று அது நீளும். எந்தப் பதவியிலும் இல்லாத, சோனியா காந்தியின் மருமகன் ராபர்ட் வதேராவின் பெயர் அதில் பல ஆண்டுகள் இருந்து 2015இல்தான் நீக்கப்பட்டது. பெண்களுக்கு எத்தனை சோதனை மறைப்பு வேண்டும் என்ற கோப்பில் கையெழுத்துப் போடும் அமைச்சர் அந்த மறைப்பின் முன்னால் நிற்பதே கிடையாது. பட்டியலில் இருந்தும் நின்றவர் ஒருவர் உண்டு, நம் பக்கத்து ராமேஸ்வரத்துக்காரர். 2009 ஏப்ரலில் டில்லியில் ஓர் அமெரிக்க விமான நிறுவனத்தார் அப்துல் கலாமைத் தடவிச் சோதித்தார்கள். 2011 செப்டம்பரில் நியூயார்க்கில், விமானத்தில் ஏறி அமர்ந்த பிறகும் அவருடைய மேலங்கியையும் காலணியையும் வாங்கிக்கொண்டு போய்ச் சோதித்தார்கள். இரண்டு முறையும் அவர் வாயைத் திறக்கவில்லை. நாடாளுமன்றமும் வெளியுறவுத் துறையும்தான் கொதித்தன, மன்னிப்பும் வந்தது. கொதித்தவர்களில் ஒருவராவது, நாளை முதல் நானும் வரிசையில் நிற்கிறேன் என்று சொல்லியிருந்தால் அந்தக் கொதிப்பை நான் மதித்திருப்பேன்.

புகார் கொடுத்தால் பயன் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். உண்டு, பலர் சேர்ந்து கேட்டால். கைப்பையில் தேங்காய் கூடாது என்றிருந்த விதியை, ஐயப்ப பக்தர்களுக்காக 2024 அக்டோபரில் தளர்த்தி, 2025 ஜனவரி 20 வரை இருமுடியைக் கையோடு கொண்டுபோக விட்டார்கள். விமான நிலையத்தில் விற்கும் தேநீரின் விலையைப் பற்றி நாடாளுமன்றத்தில் பேச்சு எழுந்த பிறகு, கொல்கத்தாவிலும் அடுத்துச் சென்னையிலும் பத்து ரூபாய்த் தேநீர்க் கடை வந்தது. தேங்காய்க்கும் தேநீருக்கும் வளைந்தவர்கள் முழங்காலுக்கும் வளைவார்கள்.

எழுதும்போது அந்தக் காவலரைப் பற்றி எழுதாதீர்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி தொழிற்பாதுகாப்புப் படைக்கு விலக்கு உண்டு. அங்கே போட்டால் மனு திரும்பி வரும். பாதுகாப்புப் பணியகத்துக்கும், நம் மதுரை நிலையத்துக்காக இந்திய விமான நிலைய ஆணையத்துக்கும் போடுங்கள். பெண்களுக்கு எத்தனை சோதனை மறைப்புகள், காலை நெரிசலில் அவற்றில் எத்தனை திறந்திருக்கின்றன, ஒரு பெண் பயணி சராசரியாக எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பதை அளக்கிறார்களா, முழுவுடல் கருவிக்கு இப்போதைய கெடு என்ன என்று நான்கே கேள்விகள் போதும். பத்து ரூபாய்க் கட்டணம்தான். உங்கள் பெயரில் வேண்டாம், அம்மாவின் பெயரில் போடுங்கள், நின்றவர் அவர்தான். பதில் வந்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள், இங்கேயே வெளியிடுகிறேன்.